கை நனைத்த கதை

காதல் நாவல்களைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொல்ல வேண்டாம். குறையெல்லாம் எனக்கே தெரியும். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து படிக்கிறேன், ஆறடிக்குக் குறைந்த நாயகனை இன்றுவரை பார்த்ததில்லை. பெரிய தொழிலதிபர் என்பார்கள். என்ன தொழில் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். ஆணி செய்கிறானா, அப்பளம் செய்கிறானா, ஆண்டவனுக்கே வெளிச்சம். காலையில் அலுவலகம் போவான், ஒரு ஃபைலைத் தூக்கி எறிவான், கண்ணாடி ஜன்னல் பக்கம் நின்று நாயகியை நினைப்பான். அவ்வளவுதான் வேலை. நாயகிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி மட்டும் சிவக்கும். எனக்குக் கோபம் வந்தால் கழுத்தெல்லாம் வேர்த்து, குரல் கம்மி, மூக்கு ஒழுகும். மழை வேறு. அந்த நாவல்களில் பெய்கிற மழையில் பாதி எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் பெய்திருந்தால், அப்பா தக்காளிக்கு டேங்கர் தண்ணீர் வாங்கியிருக்க மாட்டார்.

இருந்தாலும் படிப்பேன். நான் தேவிப்பிரியா, பாலக்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற ஆம்பிளை, ஊசியைக் கண்டதும் "மேடம், மெதுவா" என்று கண்ணை மூடிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறவள். ஒருத்தர் போன மாதம் என் தோளிலேயே மயங்கி விழுந்தார். அவர் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். நாளெல்லாம் இப்படிப்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு, ஊசிக்கு அஞ்சாத ஆறடி ஒன்று தேவைப்படத்தான் செய்யும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நாயகன் நாயகியை அறைந்தால் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவேன். அறைந்துவிட்டு நாற்பதாம் அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கிற சங்கதியெல்லாம் என்னிடம் செல்லாது.

இலக்கியமும் படித்துப் பார்த்தேன். படிக்கவில்லை என்று பழி வரக் கூடாது பாருங்கள். நூலகத்தில் பரிசு வாங்கிய நாவல் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ஒருவன் சுவரில் ஒரு விரிசலைப் பார்க்கிறான். நூறாவது பக்கத்தில் அவன் மனைவி போய்விடுகிறாள். அப்போதும் அவன் விரிசலைத்தான் பார்க்கிறான். கடைசிப் பக்கத்தில் விரிசல் கொஞ்சம் பெரிதாகிறது. இருநூறு ரூபாய் சிமெண்டில் முடிகிற விஷயம். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு காதல் நாவல் ஒரே மூச்சில் படித்துத்தான் மனசு சமாதானமானது.

இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் பெண் பிடித்துவிட்டது, சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதைத்தான் கை நனைக்கிறது என்போம். கை நனைத்துவிட்டுப் பின்வாங்குவது போட்ட பந்தலைப் பிரிக்கிற மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தி, ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். எட்டுப் பேர் வந்தார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். வடை, பாயசம், இரண்டு பொரியல் என்று அம்மா செய்ததையெல்லாம் இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். பையனின் அக்கா நாலு வடையைக் கைப்பையிலும் போட்டுக்கொண்டாள். பத்து நாள் கழித்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று போன். ஜாதகம் பார்த்துவிட்டுத்தானே பெண் பார்க்கவே வந்தார்கள்? வேறு இடத்தில் வசதியாக அமைந்திருக்கும், அது வேறு கதை.

ஊர் சும்மா இருக்குமா? "கை நனைச்சாங்களே, என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்க, "நனைச்சாங்க, அப்பறம் கழுவிட்டாங்க" என்று இன்னொருத்தி சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் என் காதுபடவே சொன்னாள். அம்மா அதன் பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் முன்வரிசையில் போய் உட்கார்ந்ததில்லை. மொய் வைத்ததும் வந்துவிடுவாள். பெண் பார்க்க யாராவது வந்தால் எங்கள் வீட்டில் பிஸ்கட் கூடக் கண்ணில் படாது. காபி மட்டும், அதுவும் சின்ன டம்ளரில். இன்னொரு தடவை எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனால் அவள் தாங்க மாட்டாள். நானும்தான் தாங்க மாட்டேன். வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் வீரமணி சித்தப்பா வந்தார். அப்பாவுக்குப் பங்காளி. டெம்போ ஓட்டுகிறவர். போகிற ஊரிலெல்லாம் காய்கறியை இறக்கிவிட்டுக் கல்யாண வயசுப் பிள்ளைகளைப் பற்றிய விவரத்தை ஏற்றிக்கொண்டு வருவார்.

"பையன் ஏரியூர் மாட்டாஸ்பத்திரியில கால்நடை ஆய்வாளருண்ணா. பேரு இளம்பரிதி. கவர்மெண்டு வேல. நம்ம பாப்பா மாதிரியே நாவலா படிச்சுத் தள்ளுவாராம். பாப்பா மனுசனுக்கு ஊசி குத்துது, அவரு மாட்டுக்குக் குத்தறாரு. இதவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்துல வரும்?"

சித்தப்பாவுக்கு நாவல் என்றால் நாவல்தான். அதில் ரகம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அதுவரை என்னைப் பார்க்க வந்தவர்களிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், ரீல்ஸ் பார்ப்பேன் என்பார்கள். ஒருத்தர் தூங்குவேன் என்றார். நாவல் படிக்கிற மாப்பிள்ளை என்றதும் எனக்கு அன்றைக்கு லேபில் ரத்தக் குழாய் தேடுகிற வேலைகூட இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவர், அவருடைய தாய்மாமா பிரபாகர், மாமாவின் மனைவி, மூன்றே பேர். அம்மா இறந்துவிட்டார்கள், அப்பாவுக்கு முழங்கால் வலி, மாமாதான் எல்லாம் என்றார்கள். பிரபாகர் பென்னாகரத்தில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். சிமெண்ட் மூட்டையை எடை போடுகிற கண்ணாலேயே எங்கள் வீட்டையும் பார்த்தார். இளம்பரிதி ஆறடி இல்லை. என்னைவிட இரண்டு விரல் உயரம். முன்நெற்றி கொஞ்சம் விஸ்தாரம். சட்டைப் பையில் இரண்டு பேனா. உதட்டோரச் சிரிப்பு ஏதும் இல்லை, காபி சூடாக இருந்ததால் உதட்டைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

காபி முடிந்ததும் அப்பா தாராள மனசோடு, "படிச்ச புள்ளைங்க. உள்ள போயி ரெண்டு வார்த்த பேசட்டுமே" என்றார். அம்மா முகம் அப்படியே வெளுத்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் வேறு. ஒருவேளை சரி என்று சொல்லிவிட்டால் உடனே இனிப்பு வைக்க வேண்டுமே என்று, யாருக்கும் தெரியாமல் காலையிலேயே ஒப்பட்டு, அதாவது போளி, சுட்டு, நெய் தடவி, ஒரு சில்வர் டப்பாவில் அடுக்கி என் அறை மேசையில் மறைத்து வைத்திருந்தாள். வடைக்குப் பயந்தவள் ஆசையை மட்டும் விடவில்லை.

அறைக்குள் போனதும் அவர் நேராக என் அலமாரியிடம் போனார். குனிந்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்தார். மாட்டாஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், முழங்கை வரை கையைச் சாணியில் விட்டாலும் முகம் சுளிக்காத தொழில். என் புத்தகங்களைப் பார்த்துச் சுளித்தார்.

"இதெல்லாம் நீங்க படிக்கறதுங்களா?"

"பின்ன, அலமாரி ஆடாம இருக்க அடுக்கினதுன்னு நெனச்சீங்களா?"

"இல்லீங்க, நாவல் படிப்பாங்கன்னு சொன்னாங்க."

"இது நாவல் இல்லாம பஞ்சாங்கமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெரிய நெற்றி, நேரம் எடுத்தது. "ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேனுங்க. கோவிச்சுக்காதீங்க. நமக்கு ஒத்துவராதுன்னு தோணுது."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனைக்கும் அவர் எனக்கு யார்? அரை மணி நேரப் பழக்கம். இருந்தாலும் ஒரு வாரமாக மனசுக்குள் அவரோடு எத்தனையோ புத்தகம் பேசியிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். மேசையில் டப்பா இருந்தது, என்ன ஏது என்று பார்க்காமல் திறந்து ஓர் ஒப்பட்டை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"எதனால ஒத்துவராது?" என்றேன்.

"இதுல வர்றதெல்லாம் பொய்யிங்க. வாழ்க்க இப்பிடியா இருக்குது?"

"வாழ்க்க எப்பிடி இருக்குதுன்னு தெரிஞ்சுக்க நான் எதுக்குப் புஸ்தகம் வாங்கணும்? கதவத் தொறந்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது."

"உண்மையச் சொல்றதுக்கு ஒரு அழகு இருக்குதுங்க." இதைச் சொல்லிக்கொண்டே அவர் கை நீண்டு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தது. அவர் கண் என் மேல் இருந்தது. என் கண் அவர் சொல்லப்போகிற அடுத்த முட்டாள்தனத்தின் மேல் இருந்தது. கையை யார் பார்த்தார்கள்?

"ஊசியப் போட்டுக் காளையே இல்லாமக் கன்னு வரவெக்கறவருக்குக் காதல் கதையில என்ன அழகு தெரியும்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். உதட்டோரமாக இல்லை. முழு வாயையும் திறந்து, உள்ளே இருந்த கடலைப்பருப்புப் பூரணம் தெரியச் சிரித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிறகு தனக்குப் பிடித்த நாவலைப் பற்றிச் சொன்னார். ஒரு மனிதன் வேலையை விடுகிறான், ஊரை விடுகிறான், கடைசியில் ஒரு பஸ்ஸில் ஏறுகிறான். அத்தோடு நாவல் முடிகிறது.

"எங்க போறான்?"

"அத சொல்ல மாட்டாங்க."

"டிக்கெட் எடுத்தானா?"

"அது முக்கியமில்லீங்க."

"கண்டக்டருக்கு முக்கியம்."

"முடிவ நம்மகிட்ட வுட்டுடறாங்க. நாமதான் யோசிக்கணும்."

"மாடு கன்னு போடறப்ப, பாதி வெளிய வந்ததும் மீதிய மாட்டுக்காரர்கிட்ட வுட்டுட்டு வண்டி ஏறிடுவீங்களா?"

பதிலுக்கு அவர் இன்னோர் ஒப்பட்டை எடுத்துக் கடித்தார். தோற்றுப்போனார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்கம்மா போயி நாலு வருஷம் ஆவுதுங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "ஆம்பள அழுவக் கூடாதுன்னாங்க. வந்தவங்களுக்கு டீ சொல்ல, பந்தல்காரனப் பாக்க, இதுலயே போயிருச்சு. அழுவவே இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாவல் படிச்சேன். அதுல ஒருத்தன் அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்து, நனஞ்ச கொடையக் காய வெக்கறான். மூணு பக்கம். கொடையப் பத்தி மட்டுந்தான். அம்மான்னு ஒரு வார்த்த இல்ல. அதப் படிச்சுட்டுத்தாங்க அழுதேன். ஆஸ்பத்திரியில, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால நின்னுக்கிட்டு."

அந்த மூன்று பக்கத்தை உடனே படிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. அதைச் சொல்லியிருக்கலாம். எதிராளிக்கு ஒரு புள்ளி கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"வுட்டுட்டுப் போற கதை எனக்கு எதுக்குங்க?" என்றேன். "எங்க தெருவுல என்னையப் பத்தியே ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்குது." ஓசூர்க் கதையைச் சொன்னேன். எட்டுப் பேர், பாயசம், கைப்பையில் போன வடை, பத்தாம் நாள் போன், பஸ் நிறுத்தத்தில் கேட்டது, அம்மா பின்வரிசைக்குப் போனது எல்லாம். இதுவரை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. "நான் படிக்கறதுல எல்லாம் பொய்யின்னு எனக்கும் தெரியும். ஆறடியும் பொய், மழையும் பொய். ஒண்ணே ஒண்ணுக்காகத்தான் படிக்கறேன். அதுல வந்தவன் போக மாட்டான். எவ்வளவு கிறுக்குத்தனம் பண்ணாலும் கடைசிப் பக்கத்துல அங்கயே இருப்பான். அத ஒரு தடவ இல்ல, நூறு தடவ படிச்சாலும் எனக்குச் சலிக்காதுங்க."

கை போன போக்கில் மூன்றாவது ஒப்பட்டையும் தின்றுகொண்டே அவர் என்னையே பார்த்தார். அவர் மாட்டை இப்படித்தான் பார்ப்பாராக இருக்கும், எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்காமல். அப்புறம் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். விரலெல்லாம் நெய்.

"கை கழுவ எங்கங்க போறது?"

"ஹால் ஓரமாக் குழாய் இருக்குது" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அவர் வாசலைத் தாண்டின பிறகுதான் டப்பாவைப் பார்த்தேன். அவர் எங்கள் வீட்டில் கை நனைத்திருந்தார். ஓடினேன். அதற்குள் அவர் நெய் வடிகிற கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி, குழாய் கண்ணில் படாமல் ஹாலின் நட்ட நடுவில் நின்று, "கை கழுவணுங்க, கொஞ்சம் தண்ணி வேணும்" என்று சபைக்குச் சொல்லிவிட்டார்.

யாரும் நகரவில்லை. முதலில் சுதாரித்தவர் வீரமணி சித்தப்பா. "அண்ணா! கை நனஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். பிரபாகர், "இருங்க, இருங்க" என்று இருவரையும் கையமர்த்திவிட்டு மருமகனிடம் திரும்பினார்.

"இன்னாடா பண்ண?"

"ஒப்பட்டு சாப்பிட்டேன் மாமா." முகத்தில் அப்போதுதான் விஷயம் ஏறியது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"எத்தினி?"

"ரெண்டு இருக்கும்."

"மூணு" என்றேன் நான், பின்னாலிருந்து. லேப் புத்தி. கணக்குத் தப்பாக இருந்தால் திருத்தாமல் இருக்க முடியாது.

பிரபாகர் சட்டம் பேச ஆரம்பித்தார். "ஒப்பட்டு பலகாரம். பலகாரம் கணக்குல வராது. எலை போட்டு, சோறு வெச்சு, உப்புப் போட்ட பதார்த்தம் தின்னாத்தான் கை நனச்சதாவும்."

"எலைய வுடுங்க. உப்புதானே உங்களுக்கு வேணும்?" சித்தப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார். "அண்ணி, ஒப்பட்டு மாவுல உப்புப் போட்டீங்களா?"

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். "ஒரு சிட்டிகை" என்றாள்.

"கேட்டுக்கிட்டீங்களா!"

"சிட்டிகை உப்புக்கெல்லாம் சம்பந்தம் பண்ணா ஆச்சா?" என்றார் பிரபாகரின் மனைவி. "பிஸ்கட்டுலயுந்தான் உப்பு இருக்குது. அப்பிடிப் பாத்தா இவன் டீக்கடக்காரர் பொண்ணத்தான் கட்டணும்."

"நெய் ஊத்தினது பலகாரமா சாப்பாடா, அத மொதல்ல சொல்லுங்க" என்றார் சித்தப்பா. பிரபாகர் அதற்கு ஏதோ சொல்ல, அப்பா நடுவில் புகுந்து அதிரசத்தை உதாரணம் காட்ட, மூன்று ஆம்பிளைகளும் சாப்பாட்டுக்கும் பலகாரத்துக்கும் எல்லைக்கல் நட ஆரம்பித்தார்கள். வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"என்ன இருந்தாலும் பையன் தெரியாமத் தின்னுட்டான்" என்றார் பிரபாகர் கடைசியில்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பத்தாம் நாள் போன் வந்தபோது இருந்த அதே முகம். ஒப்பட்டை ஏன் அந்த அறையில் வைத்தேன் என்று இனி ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொள்வாள். எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒருவர் வாயிலிருந்து "கெளம்பலாம்" என்று வருவதற்கு முன்னால் நானே முந்திக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் போய் நின்றேன்.

"யாரும் சண்ட போட வேணாங்க. வந்து உக்காந்ததுமே இவரு ஒத்துவராதுன்னு சொல்லிட்டாரு. அப்பறம் வெறும் புஸ்தகப் பேச்சுதான். டப்பாவத் தொறந்தவ நான். இவரு என்ன திங்கறோம்னே தெரியாமத் தின்னாரு. இது கை நனச்சதுல சேராது. வெளிய யாராச்சும் கேட்டா, அவங்க வுட்டுட்டுப் போவல, தேவிப்பிரியாதான் அனுப்பி வெச்சான்னு சொல்லுங்க." பிறகு அவரிடம், "கையக் காட்டுங்க" என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை.

"தண்ணி வேண்டாங்க."

"நெய்யிங்க. வண்டி ஓட்டறப்ப வழுக்கும்."

"பரவால்ல. கை கழுவறதா இல்ல."

அவர் நாற்காலிப் பக்கம் போகாமல் சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெய்க் கை பேண்டில் படாமல் உட்காருவதற்குக் கொஞ்சம் தடுமாறினார். "மாமா, மூணு ஒப்பட்டு தெரியாமத் தின்னதுதான். அதக் கணக்குல வெக்காதீங்க. இனிமே திங்கறது தெரிஞ்சு திங்கறது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவங்க வெச்சாத்தான்."

"ஒத்துவராதுன்னியாமேடா?" என்றார் பிரபாகர்.

"ஒத்துவராதுதான் மாமா. ஆனா பேச்சு வருது. அம்மா போனதுலருந்து வூட்டுல நானும் அப்பாவும் டீவியத்தான் பாத்துக்கிட்டு இருக்கறோம்."

நான் படிக்கிற நாவலாக இருந்தால் இந்த இடத்தில் நாயகி நாணத்தோடு உள்ளே ஓட வேண்டும். அவர் படிக்கிற நாவலாக இருந்தால் நான் சொம்பைப் பார்த்துக்கொண்டே நிற்க, கதை முடிந்துவிடும். எனக்கு இரண்டும் ஒத்துவராது. எனக்கு, ரத்தம் கொடுக்க வருகிறவரை நேருக்கு நேர் கேட்டுத்தான் பழக்கம், சாப்பிட்டுவிட்டு வந்தீங்களா, சாப்பிடாமல் வந்தீங்களா என்று.

"வெக்கறேன்" என்றேன். "வெச்சா, பாதியில ஏந்திரிக்கக் கூடாது."

"ஏந்திரிக்க மாட்டேனுங்க."

"புஸ்தகத்தப் பத்தி வாயத் தொறந்தா தினமும் சண்டதான் வரும்."

"அதுக்குத்தாங்க உக்காந்ததே."

டப்பாவை எடுத்து வந்தேன். சித்தப்பா கொல்லைக்கு ஓடி ஒரு வாழை இலையைக் கிழித்துக்கொண்டே வந்தார். பிரபாகர் பெரிய மூச்சு ஒன்று விட்டு, "இனி என்ன, எனக்கும் ஒரு எலை போடுங்க" என்று மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகாரம் கணக்கில் வராது என்றவர் எடுத்த எடுப்பில் நாலு தின்றார். அப்பா எதற்கென்றே தெரியாமல் மின்விசிறியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். நான் குனிந்து இலையில் ஒப்பட்டை வைத்தபோது கை நடுங்கியது. எத்தனை பேர் நரம்பில் நடுங்காமல் ஊசி ஏற்றுகிற கை. அவர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய சுவர் விரிசல் நாவல்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

"அத்தை, பால் இருந்தாக் கொஞ்சம் ஊத்தறீங்களா?" என்றார், அம்மாவைப் பார்த்து. வந்தபோது அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அம்மா உள்ளே போனாள். போனவள் திரும்பவில்லை. பால் இல்லாமலே இரண்டாவது ஒப்பட்டும் முடிகிற நேரத்தில் நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா அதன் முன்னாலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"என்னம்மா?"

"புகைடி" என்றாள்.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றேன். "ரொம்பப் புகை."